என் பெயர் ஒட்டிய ட்யூப்

மாடிப்படியை நான் இரண்டிரண்டாகத் தாவி ஏறுவதற்காக நீங்கள் என்னைப் பலமுறை திட்டியிருக்கிறீர்கள், மேடம். கையில் கண்ணாடிச் சாமான் இருக்கும்போதாவது மனுஷனாக நடக்கக் கூடாதா என்பீர்கள். என்ன செய்ய, கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குள் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. அந்தப் பாக்கியெல்லாம் இப்போது கண்ட படிகளில் தீர்ந்துகொண்டிருக்கிறது.

இன்று காலையும் அப்படித்தான் ஏறி வந்தேன். நீங்கள் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். திட்டவில்லை. அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, "இந்த ரிசல்ட்படி பார்த்தா நீங்க பத்துப் பன்னிரண்டு வயசுலயே நடக்க முடியாமப் போயிருக்கணும்" என்றீர்கள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. விரல்தான் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தது. புதிய முறையில் ஜீனையே நேராகப் பார்க்க முடிகிறது என்பதால் நம் லேபில் முன்பு பார்த்த குடும்பங்களின் ரத்த ட்யூபுகளையெல்லாம் எடுத்துச் சோதித்திருக்கிறீர்கள். என் பெயர் ஒட்டிய ட்யூபில், தசையைக் காக்கும் ஜீனில் ஒரு பெரிய துண்டையே காணோம். என் தங்கை மகன் பெயர் ஒட்டிய ட்யூபில் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. ஆனால் அவன்தான் சக்கர நாற்காலியில் இருக்கிறான். நான் படி தாவுகிறேன்.

"எப்படின்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஏன்னு மட்டும் எழுதுங்க" என்று காகிதத்தை வைத்துவிட்டுப் போனீர்கள். தங்கை இன்று மதியம் ஸ்கேனுக்கு வருகிறாள். எட்டாம் மாதம். அவள் வருவதற்குள் அவளிடம் என்ன சொல்வதென்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுவேன். இதை நாளைக்கு வேறு யாராவது படிக்கலாம் அல்லவா.

எங்கள் தசைநோய் அம்மா வழியாக வருவது. பெண்கள் சுமப்பார்கள், ஆண் பிள்ளைகள் விழுவார்கள். அம்மாவிடம் அந்த ஜீனுக்கு இருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. மகனுக்கு எது போய்ச் சேர்கிறதோ அதுதான் அவன் தலையெழுத்து. இந்தப் புதிய முறை வரும்வரை நம் லேபில் கெட்ட ஜீனை நேராகப் பார்க்க வசதி இல்லை. அதன் பக்கத்தில் இருக்கும் ஓர் அடையாளத்தைத்தான் பார்ப்போம். கதவு எண் தெரியாத வீட்டை எதிரே இருக்கும் மருந்துக்கடையை வைத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி. மார்க்கர் என்று பெயர். எக்ஸ்ரே மாதிரியான பிலிமில் அது ஒரு கறுப்புப் பட்டையாக விழும். சிலருக்கு மேலே, சிலருக்குக் கீழே. என் தங்கைக்கு இரண்டும் உண்டு. எந்தப் பட்டையோடு நோய் வருகிறது என்பதை அந்தப் பட்டையே சொல்லாது. அதற்கு வீட்டில் நோய் வந்த பிள்ளையின் ரத்தம் வேண்டும். அவனுக்கு எந்தப் பட்டையோ அது கெட்டது, மற்றது நல்லது. மொத்தக் கணக்கும் அந்த ஒரு பிள்ளையின் ட்யூபில் நிற்கிறது.

தங்கையிடமிருந்து போன் வந்துகொண்டிருக்கிறது. எடுக்கவில்லை. மேஜையில் அதைக் கவிழ்த்து வைத்தேன். அப்படியும் அதிர்ந்து நகர்ந்துகொண்டே போகிறது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். எட்டு வயதில் நடை நின்றது, பதினேழில் மூச்சு நின்றது. அவனை நான் வெறுத்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவனைக் குளிப்பாட்டியது நான், தூக்கியது நான், படுக்கையில் திருப்பிப் போட்டது நான். வெறுக்க எனக்கு நேரம் ஏது? சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. அம்மா கெட்டவள் இல்லை. அவளால் என்னைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் கூடத்தைத் தாண்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அவன் முன்னாடி ஓடாதே" என்பாள். நான் ஓடவில்லை. "அவன் முன்னாடி குதிக்காதே." குதிக்கவில்லை. பிறகு அவன் முன்னால் சட்டென்று எழுந்து நிற்பதையும் நிறுத்திக்கொண்டேன். ஊன்றி ஊன்றி எழுந்திருக்கப் பழகினேன். ஒருமுறை மதில் மேலிருந்து விழுந்து என் மணிக்கட்டு உடைந்தது. "நீ நல்லாத்தானே இருக்க, கொஞ்சம் பொறு" என்றாள். மறுநாள் கை பூசணிக்காயாக வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காய்ச்சல் வந்தாலும் அதே பேச்சு, கிழிந்த சட்டைக்கும் அதே பேச்சு. நீ நல்லாத்தானே இருக்க. நோயாளிப் பிள்ளைக்குப் பக்கத்தில் நல்ல பிள்ளையாகப் பிறப்பது என்றால் என்னவென்று நம் லேப் புத்தகம் எதிலும் போட்டிருக்காது, மேடம். நான் அனுபவித்தவன்.

தங்கை கடைக்குட்டி. அவளுக்குப் பஸ் ஓட்டுகிற மாப்பிள்ளை அமைந்தார், தங்கமான மனுஷன். முதல் பிள்ளை ஆண். நடக்க ஆரம்பித்தபோது இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்ததால் வாத்து என்று பெயர் வைத்தோம். கொஞ்சுவதற்கு வைத்த பெயர். அந்த நடை எதனால் என்று தெரிந்த பிறகு வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. ஆனால் அவன் விடவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். "வாத்துன்னு கூப்பிடு, வரேன்" என்பான்.

அவனுக்கு மூன்று வயதாகும்போது, தரையிலிருந்து எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றித் தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவதுபோல எழுந்தான். நான் பார்த்துவிட்டேன். தம்பி அப்படித்தான் எழுவான். சொல்லவில்லை. இன்னும் ஒரு வருடம் அவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று இருந்தேன். அதைத் தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை.

எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன். யாரோ சரியாக மூடாமல் போயிருக்கிறார்கள், சொட்டுச் சத்தம் தலைக்குள் விழுகிறது. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. இனி வாத்துக்கு ஆறு வயதானபோது நடந்தது.

தங்கை இரண்டாவது முறை உண்டானாள். இது ஆணாக இருந்தால் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர் ரத்தத்தைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது என்பது நம் லேப் வழக்கம். அவள் உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டாள். "எங்கண்ணன் பார்த்தாத்தான் நான் நம்புவேன், மேடம்." நீங்கள் இளகிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வாத்துக்கு நான்தான் ரத்தம் எடுத்தேன். என் கையிலிருந்தும் எடுத்துக்கொண்டேன், நோய் வராத ஆண் ஒருவன் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட நல்லது என்பதால். எடுத்தவனே அங்கேயே லேபிள் ஒட்ட வேண்டும், அதன்பின் யாரும் தொடக் கூடாது. அப்படித்தான் ஒட்டினேன். கருவிலிருந்து எடுத்த துணுக்கும் வந்தது. ஆண்தான்.

ஒரு விடுமுறை நாளில் தனியாக வந்து முதலில் நான் மட்டும் சோதனையை ஓட்டிப் பார்த்தேன். வாத்துக்கு மேல்பட்டை. எனக்குக் கீழ்ப்பட்டை. கருவுக்குக் கீழ்ப்பட்டை.

அதாவது குழந்தை நன்றாக இருந்தது. என்னைப் போல.

விளக்குப் பெட்டியின் மேல் பிலிமை வைத்துக்கொண்டு, சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அந்தக் கீழ்ப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் பிறப்பான். வாத்து உட்கார்ந்திருக்கும் கூடத்தில் இவன் நடக்கப் பழகுவான். ஓடாதே என்பார்கள். குதிக்காதே என்பார்கள். கை உடைந்தால் பொறு என்பார்கள். அண்ணனைத் தூக்கித் தூக்கி முதுகு வளையும். அண்ணன் போன பிறகு, நீ மட்டும் எதற்கு மிச்சம் என்பது போல ஒரு பார்வை, ஆயுசுக்கும்.  அந்தப் பிள்ளைமேல் எனக்கு இருந்தது இரக்கம் மட்டும்தான் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

என் ட்யூபையும் வாத்தின் ட்யூபையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்தேன். குளிரில் லேபிள் லேசில் உரியாது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் ஓரம் தூக்கும். என்னுடையதை உரித்து அவனுடையதில் ஒட்டினேன், அவனுடையதை என்னுடையதில். முதல் பிலிமைக் கிழித்துப் போட்டேன். அவ்வளவுதான். வேறு எதையும் நான் தொடவில்லை.

வார நாளில் முறைப்படி நாம் இருவருமாக ஓட்டினோம். பிலிமை வெளிச்சத்தில் வைத்துப் படித்தது நீங்கள். நோயுள்ள பிள்ளை என்ற இடத்தில் கீழ்ப்பட்டை, கருவுக்கும் கீழ்ப்பட்டை. "ஐயோ, அதேதான்" என்று நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். நோய் வராத மாமனுக்கு மேல்பட்டை, எல்லாம் அச்சாகப் பொருந்தியது. படித்த கணத்தில் நான் வாயே திறக்கவில்லை. என் தோளில் கை வைத்து, "நீங்க வீட்டுக்குப் போங்க, நான் சொல்லிக்கிறேன்" என்றீர்கள். இல்லை, நானே சொல்கிறேன் என்றேன். அவளுக்கு அண்ணன் சொன்னால்தான் தாங்கும்.

சமையலறையில் வைத்துச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள், பிறகு அணைந்த அடுப்பையே மறுபடி திருகிப் பார்த்தாள்.

"நீ ரெண்டு தடவை பார்த்தியா அண்ணா?"

"ரெண்டு தடவை பார்த்தேன்."

அது உண்மைதான். கலைப்பதா வேண்டாமா என்பதை நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் அவளும் பேசி, அவர்களே எடுத்த முடிவு. ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். மயக்கம் தெளிந்ததும் என் கையைத்தான் பிடித்தாள். அதன்பின் பல மாதம் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான் தினமும் வேலை முடிந்து நேராக அங்கே போவேன். வாத்துக்கு நடை நின்ற வருடம் அது. அவனைக் குளியலறைக்குத் தூக்குவேன், மொட்டை மாடிக்குத் தூக்குவேன். என்னை லிப்ட் என்பான். "லிப்ட், மேல் மாடி போகணும். நடுவுல நிக்கக் கூடாது" என்று என் காதைப் பொத்தான் மாதிரி அழுத்துவான். என்னைத் தவிர வேறு யார் தூக்கினாலும் இடுப்பு வலிக்கிறதாம்.

போன் மறுபடி அடிக்கிறது. இன்றைக்கு ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்குக் குழப்பமாக இருக்கும். நான் எடுக்காமல் இருந்ததே இல்லை.

இப்போது மூன்றாவது. இவனும் ஆண். இந்த முறை நான் பார்க்க மாட்டேன், மனசு தாங்காது என்று லீவு போட்டேன். நீங்கள்கூட நியாயம்தான் என்றீர்கள். புதிதாகச் சேர்ந்த பெண் கருவின் துணுக்கை, ஃப்ரீசரில் இருந்த எங்கள் வீட்டு ட்யூபுகளோடு சேர்த்து ஓட்டினாள். கருவுக்கு மேல்பட்டை. வாத்து என்று ஒட்டியிருந்ததில் கீழ்ப்பட்டை. நோய் இல்லை என்று எழுதினாள். பாவம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு இனிப்பு கொண்டுவந்து தந்தாள்.

பிலிமை நான் மறுநாள் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இவனும் வாத்தைப் போலத்தான். லேபிளைத் திருப்பி மாற்றியிருக்கலாம். ஃப்ரீசர் கதவு வரை போனேன், கைப்பிடியில் கை வைத்தேன். அப்போது இன்னும் நாள் இருந்தது. அவளிடம் சொல்லியிருந்தால் என்ன முடிவெடுக்க வேண்டுமோ அதை அவள் எடுத்திருப்பாள். போன முறை எடுத்தவள்தானே. நான் கையை எடுத்துவிட்டேன்.

அப்போதாவது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என் பதில் இதுதான். இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தால் அந்த வீட்டில் நல்லாத்தானே இருக்க என்று யாரும் யாரையும் சொல்ல முடியாது. அண்ணன் முன்னால் ஓடாதே என்று தம்பிக்குச் சொல்ல வேண்டியிருக்காது. வாத்துக்கு ஒரு துணை. தூக்குவதற்கு நான் இருக்கிறேன், எனக்கு இன்னும் கையில் பலம் இருக்கிறது. இதைவிட நிதானமாக யோசித்து எடுத்த முடிவு என் வாழ்க்கையில் வேறு இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மதியம் அவள் வரும்போது ஒன்றும் சொல்லாதீர்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், வேலையை எடுங்கள், போலீசில் சொல்லுங்கள். ஆனால் காரணம் வேறு எதையாவது சொல்லுங்கள். இனி எதுவும் செய்ய முடியாது, எட்டு மாதம் ஆகிவிட்டது. பிறந்தால் மூன்று வருடம் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருப்பான். அந்த மூன்று வருடத்தை அவளிடமிருந்து நீங்கள் பிடுங்க வேண்டாம்.

இங்கே முடித்துவிட்டுப் பேனாவை மூடினேன். ஜன்னல் வரை போய் வந்தேன். கீழே மாப்பிள்ளை ஆட்டோவிலிருந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருக்கிறார். சீக்கிரமே வந்துவிட்டார்கள். அவள் அண்ணாந்து நம் மாடியைப் பார்க்கிறாள். நான் உள்ளே வந்துவிட்டேன். இன்னும் ஒன்றை எழுதாவிட்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் சொன்னவனாக ஆவேன்.

இரண்டாவது முறை அவள் உண்டாகியிருந்தபோது, நான் தனியாக லேபுக்கு வந்த விடுமுறைக்கு முதல் நாள் சாயங்காலம், அவர்கள் வீட்டில் இருந்தேன். வாத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். தம்பி வந்தால் தான்தான் அவனுக்குக் கோச் என்றான்.

"கோச்சுன்னா கூடவே ஓடணுமேடா" என்றார் மாப்பிள்ளை.

"யாருப்பா சொன்னா? டிவியில பாரு, கோச் எல்லாம் உட்கார்ந்துதான் இருக்காங்க. விசில் மட்டும் ஊதுவாங்க. எனக்கு ஒரு விசில் வாங்கிக் குடு."

"அவன் ஓடுறப்ப விழுந்துட்டா?" என்றாள் தங்கை.

"அவனே எந்திரிச்சுக்குவான். அவனுக்குத்தான் எந்திரிக்க வருமே."

 தங்கைதான் முதலில் சிரித்தாள். அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "சரிடா கோச்சு. நாம ரெண்டு பேரும் வாசல்ல உட்கார்ந்துக்குவோம். அவன் அந்தக் கோடிவரைக்கும் ஓடட்டும். நீ விசில் ஊது, நான் கை தட்டுறேன்" என்றாள். வாத்து அப்போதே கை தட்டத் தொடங்கிவிட்டான். கை அவ்வளவாக மேலே எழவில்லை, தொடையிலேயே தட்டிக்கொண்டான். மாப்பிள்ளையும் தட்டினார். "இந்த வீட்ல உடைக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல" என்றார். ஓடாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

நானும் சிரித்தேன், மேடம். போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தெருவில் யாருமில்லை. கையில் இருந்த பையை இடுப்போடு பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினேன், இந்த வயதில், செருப்புக் காலோடு, என்னால் முடிந்த வேகத்தில். கோடியில் நின்று மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. உள்ளே அவர்கள் இன்னும் வரப்போகிறவனைப் பற்றித்தான் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.